'ஆனா' வரைக்கும்

ராயக்கோட்டை தக்காளி மண்டிக்குப் பின்னால்
எங்கள் உழவர் கம்பெனிக்கு ஒற்றை அறை.
மாதக் கூட்டத்தைச் செல்போனில் பதிந்து
மறுநாள் தட்டச்சு செய்வது என் வேலை.
பேங்கில் கேட்பார்கள். ஆடிட்டர் கேட்பார்.
பேசியவர்கள் யாரும் கேட்டதில்லை.
நானும் காதைக் கொடுத்ததில்லை,
விரலைத்தான் கொடுத்திருக்கிறேன்.

ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.

முதல் நான்கு நிமிடம் கூட்டமே இல்லை.
தலைவர் வரவில்லை. மின்விசிறி மட்டும் கரகரக்கிறது.
ஷட்டர் ஓரம் பெண் பங்குதாரர்கள் ஐந்து பேர்
ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.
ஒருத்தி "போர்ல தண்ணி" என்று வாயெடுக்க
இன்னொருத்தி "எண்ணூறு அடி" என்க
மூன்றாமவள் "அதுவும் உப்பு" என்க
நடுவே ஒரு சிரிப்பு நுழைந்து எல்லார் வாயிலும் போய்வருகிறது.
யார் பேச்சு யாருடையது என்று
பிரித்துத் தட்ட முடியவில்லை.
ஆனால் ஒரு வாக்கியமும் சாகவில்லை.

பிறகு நாற்காலி இழுபடும் சத்தம்.
பிறகு நாங்கள்.

பதினேழாவது நிமிடம்.
மாதம்மாள், பொருள் மூன்று, கிரேட்டுக் கழிவு:
"வெறும் கிரேட்டு ரெண்டு கிலோதாங்க வருது,
மண்டியில மூணு கழிக்கிறாங்க. ஆனா —"
கோடு போட்டுவிட்டு என் விரல் காத்திருக்கிறது.
திம்மராயப்பா லாரி வாடகைக்குப் போய்விட்டார்.

இருபத்து மூன்று. "நான் சொல்ல வந்தது —"
டீ வந்துவிட்டது.
யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது
முழுதாக இரண்டு நிமிடம்
எந்தக் குறுக்கீடும் இன்றி விவாதிக்கப்படுகிறது.

முப்பத்தொன்று. "அந்தக் கிரேட்டு —"
"ஒரு நிமிஷம்மா."
அந்த ஒரு நிமிஷம் பதினோரு நிமிஷம் ஓடுகிறது,
பாலக்கோடு வரை போய்த் திரும்புகிறது.

நாற்பத்து நான்கில் ஒரு குரல். நல்ல குரல்.
பக்குவமானது, கைகொடுக்க வந்தது:
"அதாவது, அக்கா என்ன சொல்ல வர்றாங்கன்னா..."
கமிஷன்காரர்களின் கொள்ளையைப் பற்றி
தேதியோடு, தொகையோடு, அழகாகச் சொல்லி முடிக்கிறது.
"கரெக்ட், கரெக்ட்" என்கிறது அறை.
யாரப்பா இவன் என்று பின்னால் தள்ளிக் கேட்டேன்.
இன்னொருமுறை தள்ளினேன்.
நான்தான்.

பதிவில் நம் குரல் நமக்கே அந்நியமாகக் கேட்குமாம்.
அப்படியெல்லாம் இல்லை, குரல் என்னுடையதுதான்.
அது நின்றுகொண்டிருந்த இடம்தான்
என்னுடையதல்ல.

முடிவில் தலைவர்: "வேற யாருக்காச்சும் ஏதாச்சும்?"
அரை நொடி. அளந்து பார்த்தேன், அரை நொடிதான்.
"சரி, நன்றி."

'பொருள் மூன்று விரிவாக விவாதிக்கப்பட்டது.'
வழக்கமாக எழுதுவது. எழுதினேன், அழித்தேன்.

ராத்திரி எட்டரைக்குப் போன் போட்டேன்.
"அக்கா, 'ஆனா'ன்னு நிறுத்தியிருக்கீங்க... இல்ல,
நிறுத்திட்டோம். அதுக்கு மேல எழுதணும், அதான்.
நான் என்ன நெனச்சேன்னா, கமிஷனைப் பத்தியா இருக்கும்,
இல்லேன்னா எடைமேடை, அதுவும் இல்லேன்னா..."
அந்தப் பக்கம் கன்றுக்குட்டி ஒன்று கத்தியது.
என்னிடம் இன்னும் இரண்டு ஊகம் மிச்சமிருந்தது.

"முடிச்சிட்டீங்களா தம்பி?" என்றார்.
கேலி இல்லை. கோபமும் இல்லை.
தலைச்சுமையை இறக்க
இடம் பார்ப்பவர் கேட்பது போல.

வாயைப் பொத்திக்கொண்டேன்.
"ம்" கூடக் கொட்டவில்லை.

"ஆனா மழைநாள்ல சேறும் நசுங்குன பழமும் ஒட்டி
மூணேதான் நிக்குது, நான் நிறுத்துப் பாத்தேன்.
மழைக்கு மூணு, வெயிலுக்கு ரெண்டுன்னு கேட்டா
மண்டியில ஒத்துக்குவாங்க.
கேட்டேன். ஒத்துக்கிட்டாங்க.
அது ஆச்சு, போன மாசமே."

பத்தொன்பது நொடி.
பதிவுசெய்ய மறந்திருந்தேன்.